சாவியைத் திருகினால் ஏன் 'டக்டக்'?

ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹார்னும் அலறுகிறது. சாவியைத் திருகினால் மட்டும் 'டக்டக்டக்'. லைட்தான் எரிகிறதே, பேட்டரியில் என்ன கோளாறு இருக்க முடியும்?

இரண்டு ஹாலஜன் ஹெட்லைட்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ 150 ஆம்பியருக்கு மேல் கேட்கும். பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதே, அந்த உப்பு 0.02 ஓம் தடை கொடுத்தாலும் போதும். லைட்டுக்குப் போகும் வழியில் இழப்பு 0.2 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டருக்கோ 3 வோல்ட் பறிபோகும்.

சத்தம் வருவது சோலினாய்டிலிருந்து. மின்சாரம் பாய்ந்ததும் அதன் காந்தம் உள்ளிருக்கும் தண்டை இழுத்து, மோட்டாருக்கான இணைப்பை மூடுகிறது. மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சியதும் வோல்ட் சரிகிறது, காந்தம் பிடியை விடுகிறது, ஸ்பிரிங் தண்டைத் திருப்பித் தள்ளுகிறது. சுமை விலகியதும் வோல்ட் ஏற, மறுபடி இழுப்பு. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு அடங்கினால் கதை வேறு: பெரும்பாலும் சோலினாய்டின் உள் இணைப்போ, மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியின் ஈயக் குமிழில் ஒரு முனையையும் அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் மறுமுனையையும் வையுங்கள். வேறொருவர் சாவியைத் திருகட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி டெர்மினல்தான். கழற்றிச் சுரண்டி இறுக்கினால் போதும். இதைப் பார்க்காமலே புது பேட்டரி வாங்கச் சொல்பவர்களும் உண்டு. அங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்டி, பேட்டரியின் இரு குமிழ்களுக்கும் இடையே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். அதன் பிறகும் இறங்கினால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.