எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அழைப்பு

1980களில் ஐரோப்பியப் பொறியியலாளர்கள் ஜிஎஸ்எம் தொலைபேசியை வடிவமைத்தபோது, அதை எந்தெந்த நிலத்தில் சோதிக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். நாட்டுப்புறம், நகரம், அவற்றோடு மலைப்பிரதேசம். மலைப்பிரதேசச் சோதனையில் கருவி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் போவதாகக் கணக்கு. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு வண்டி ஓட்டிய எவருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அதே கணக்கில் இருந்த இன்னொரு எண் நம்மை அறிந்தே எழுதியதுபோல் இருக்கிறது: 20 மைக்ரோ செக்கன். டவரிலிருந்து நேரே வரும் அலைக்கும், மலையில் பட்டுத் திரும்பி வரும் அதே அலைக்கும் இடையே அவ்வளவு தாமதம் வரை இருக்கலாம் என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

வானொலி அலை ஒரு மைக்ரோ செக்கனில் 300 மீற்றர் போகும். 20 மைக்ரோ செக்கன் என்றால் 6 கிலோமீற்றர். அதாவது 3 கிலோமீற்றர் தள்ளி நிற்கும் எதிர்மலைக்குப் போய்த் திரும்பும் தூரம். டிக்கோயாவிலோ பொகவந்தலாவையிலோ லயத்து வாசலில் நின்றால் அப்படியொரு மலையைத் தேட வேண்டியதில்லை. கொழுந்து மலையில் நின்று ஆளைக் கூப்பிட்டால் குரல் இரண்டு தடவை கேட்குமே, போனுக்கும் அதே கதைதான். விளம்பரங்கள் 1ஜி, 2ஜி என்று வேகத்தை எண்ணுகின்றன. மலையகத்திலிருந்து பார்த்தால், இந்த எதிரொலியை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை சொல்லியிருக்கிறது.

முதல் தலைமுறையிடம் விடையே இல்லை. 1989இல் செல்டெல் நிறுவனம் இலங்கையில் தொடங்கியது அனலொக் சேவை. கொழும்பு வர்த்தகர்களுக்கான பொருள் அது. தோட்டத்துக்குச் சேதி கடிதமாக வந்த காலம். அந்தக் கடிதமும் தோட்டத்து ஒஃபிசைச் சுற்றித்தான் கைக்கு வரும்.

1995இல் டயலொக் இரண்டாம் தலைமுறையான ஜிஎஸ்எம் சேவையைக் கொண்டுவந்தது. குரல் இப்போது பிட்டுகளாகப் போகிறது. ஒரு பிட்டுக்கு 3.7 மைக்ரோ செக்கன். 20 மைக்ரோ செக்கன் பிந்தி வரும் எதிரொலி, ஐந்து பிட்டுக்கு அப்பால் உள்ள இன்னொரு பிட்டின் தலையில் வந்து விழும், இரண்டும் குழம்பும். இதற்கு அவர்கள் செய்த தந்திரம் அழகானது. அனுப்பும் ஒவ்வொரு சிறு பொட்டலத்தின் நடுவிலும் 26 பிட்டுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. என்ன வர வேண்டும் என்று போனுக்குத் தெரியும். வந்தது எப்படிக் கலங்கியிருக்கிறது என்று பார்த்து, எத்தனை எதிரொலி, எவ்வளவு பிந்தியது என்று கணக்கிட்டு, மற்ற பிட்டுகளிலிருந்து அந்தக் கலக்கத்தை நீக்கிவிடும். செக்கனுக்கு இருநூறு தடவைக்கு மேல் இந்தக் கணக்கு நடக்கிறது. கையிலிருக்கும் மலிவான பட்டன் போன், எதிரே உள்ள மலையை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

மூன்றாம் தலைமுறை, எதிரொலியை எதிரியாகவே பார்க்கவில்லை. இலங்கையில் 3ஜி வணிகச் சேவை 2006இல் வந்தது. அதற்குச் சற்று முன்பே, வயர் இல்லாத சிடிஎம்ஏ வீட்டுத் தொலைபேசி லயங்களுக்குள் வந்துவிட்டது. அன்ரெனாவை நீட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருக்குமே, அதுதான். இரண்டும் ஒரே குடும்பம். 3ஜியில் 80 மீற்றருக்கு மேல் வித்தியாசமான வழிகளில் வரும் பிரதிகளைக் கருவி தனித்தனியாகப் பிரித்தெடுக்கும். பிறகு ஒவ்வொன்றையும் அதனதன் தாமதத்துக்கு ஏற்ப நகர்த்தி ஒன்றாகக் கூட்டும். எதிர்மலை அனுப்பியதும் வரவில்தான் சேரும். என் கணிப்பில், மலைநாட்டுக்கு மனத்தளவில் மிக நெருக்கமான தொழில்நுட்பம் இதுதான். ஆனால் ஒரு டவரில் ஆட்கள் கூடக்கூட அதன் எல்லை சுருங்கும் குணமும் இதற்கு உண்டு.

2013இல் மொபைல் 4ஜி வந்தது. இதன் வழி பொறுமை. தகவலை நூற்றுக்கணக்கான மெல்லிய அலைகளில் பிரித்து, ஒவ்வொன்றையும் 66.7 மைக்ரோ செக்கன் நிதானமாக அனுப்பும். இரண்டு சமிக்ஞைகளுக்கு நடுவே 4.7 மைக்ரோ செக்கன் இடைவெளி விட்டு, எதிரொலி ஓயக் காத்திருக்கும். 1.4 கிலோமீற்றர் அதிகப்படியான வழி வரை அது தாங்கும்.

எதிரொலியை ஓரளவு அடக்கியாயிற்று, மலையின் நிழலை என்ன செய்வது? 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்ரிமீற்றர், 1800 மெகாஹேர்ட்ஸ் அலைக்கு 17. மலைமுகட்டில் பட்டு வளைந்து பள்ளத்துக்குள் இறங்குவதில் நீண்ட அலைதான் கெட்டி. முகட்டின் ஆழ்ந்த நிழலில், மீடிறன் இரட்டிப்பானால் வளைந்து வரும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடும். ரோட்டில் 4ஜி காட்டிய போன் லயத்துக்கு இறங்கியதும் 2ஜிக்கு விழுவதற்கு இது ஒரு காரணம். தகரக் கூரை இன்னொரு காரணம். உலோகத் தகடு அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் போனுக்குள் போனபோது இந்தப் பௌதிகம் பிள்ளைகளின் காலில் ஏறியது. 2021இல் பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்து ஆசிரியரும் மாணவர்களும் சிக்னலுக்காக மலை உச்சிக்கு ஏறிய படங்கள் உலகெங்கும் போயின. கையில் இருந்தது அதே போன்தான். மேலே போனதும் டவருக்கும் அதற்கும் நடுவே மலை இல்லை.

5ஜிக்கு உலகம் பெரிதும் நம்பியிருப்பது 3500 மெகாஹேர்ட்ஸ் பட்டை. அலை நீளம் 9 சென்ரிமீற்றருக்கும் குறைவு. அங்கே வழக்கமாக விடும் இடைவெளியும் 4ஜியின் பாதிதான். நகரத்துக்கு நல்லது, நுவரெலியா டவுனுக்கும் நல்லது. பள்ளத்து லயத்துக்கு அது முகடு தாண்டி எளிதில் வராது. 5ஜியைக் குறைந்த மீடிறனிலும் ஓட்டலாம். 700 மெகாஹேர்ட்ஸில் அலை நீளம் 43 சென்ரிமீற்றர். வேகம் குறையும், எட்டும் தூரம் கூடும். புதிய டவர் எந்த முகட்டில், எந்தப் பட்டையில் என்று தீர்மானிக்கும் மேசையில் இந்தக் கணக்கை வைக்க ஆள் வேண்டும். அதுவரை, ஷொப்பிங் பையில் போட்ட போனை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, ஹொட்ஸ்பொட்டைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து படிக்கும் முறை, பௌதிகப்படி மிகச் சரியானது.