'வெளிவருதல்': ஒரு வினையும் அதன் மொழிபெயர்ப்பும்

அமெரிக்கப் பதிப்பாளர்களின் 1954ஆம் ஆண்டுத் தணிக்கை நெறிக்கு உட்படாமல் தனிவழியில் வெளியானவை 'அண்டர்கிரவுண்ட்' சித்திரக்கதைகள். அவற்றுள் டிரினா ராபின்ஸ் 1972இல் வரைந்த 'சேண்டி கம்ஸ் அவுட்', தன்பால் விழைவுடைய பெண்ணொருத்தியைப் பற்றியது. ராபின்ஸ் அத்தகையவர் அல்லர். அக்கதையில் நிறைவுறாத மேரி விங்ஸ், தம் அனுபவத்தின் அடிப்படையில் 1973இல் 'கம் அவுட் காமிக்ஸ்' என்னும் இதழைத் தாமே வரைந்து வெளியிட்டார். தன்பால் விழைவுடைய பெண் ஒருவர் படைத்த முதல் சித்திரக்கதை இதழாக அது கருதப்படுகிறது.

இத்தலைப்பின் வினையைத் தமிழில் பெயர்ப்பது எளிதன்று. 'நூல் வெளிவந்தது' என்பது இயல்பான வழக்கு. 'அவர் வெளிவந்தார்' எனின், 'எங்கிருந்து?' என்னும் வினா எழும். 'வெளிப்பட்டார்' என்பதில், பிறரால் அறியப்பட்டார் என்னும் பொருளும் கலக்கும். 'தம்மை வெளிப்படுத்திக்கொண்டார்' என்னும் தொடரிலேயே, பிறவினையும் 'கொள்' என்னும் துணைவினையும் சேர்ந்து, அச்செயலைச் செய்பவரின் விருப்பத்திற்கு உரியதாக்குகின்றன.

பிறர் வரைந்த கதைக்கும் தாமே வரைந்த கதைக்கும் இடையிலான வேறுபாடும் இதுவே. நூல் வெளிவருதலையும் ஆள் தம்மை வெளிப்படுத்துதலையும் ஒருங்கே உணர்த்தும் மூலத்தின் சிலேடை தமிழில் இழக்கப்படலாம். தன்னுரிமையைச் சுட்டும் 'கொள்' இழக்கப்படலாகாது.