பழி பாட்டரிக்கு, பிழை கம்பிக்கு

விஞ்ஞானம் என்பது பரிசோதனைச் சாலையின் சுவர்களுக்குள் மட்டுமே வாழ்வது என்று எண்ணியிருந்தவன் நான். அது தவறென்று எனக்கு உணர்த்தியது என் மாமாவின் டாக்ஸி.

மாமா திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்ற பிரீமியர் பத்மினி டாக்ஸியில் தொழில் பழகியவர்; இப்போது ஓட்டுவது வேறு வண்டி. நான் எம்.எஸ்ஸி. பௌதிகம் படிப்பது அந்த வண்டியின் வருவாயில்தான். சென்ற மழைக்காலத்தில், மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் தேங்கிய நீரில் வண்டி இறங்கி ஏறியது. சில வாரங்கள் கழித்துத் தாராவித் தொண்ணூறு அடி ரோட்டில், விடியற்காலையில் சாவியைத் திருகினால் 'டக், டக்' என்ற ஓசை மட்டுமே வந்தது. பட்டறையொன்றில் "பாட்டரி போய்விட்டது" என்றார்கள். மாமா கடன் வாங்கிப் புதிய பாட்டரி போட்டார். ஒரே மாதத்தில் மீண்டும் அதே 'டக், டக்'!

"ஏலே, அஞ்சு வருசமா கரண்டப் பத்தித்தான படிக்கே? இதுக்கு ஒரு வழி தெரியலையா?" என்று மாமா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் முகம் சுருங்கியது. மின்தடையைப் பற்றி எத்தனையோ கணக்குகள் போட்ட நான், எனக்குச் சோறு போடும் வண்டியின் முன்மூடியை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

பாட்டரிக்குள் நடப்பது என்ன? 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே கண்ட முறைதான் இன்றும் அடிப்படை. நீர்த்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடும் ஈய டை ஆக்ஸைடுத் தகடும் நிற்கின்றன. இவ்வாறான ஓர் அறை ஏறத்தாழ 2.1 வோல்ட்டுத் தரும். ஆறு அறைகள் சேர்ந்தால் 12.6 வோல்ட்டு. மின்சாரம் செலவாகும்போது இருவகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட்டுப் படிகிறது; மின்னேற்றும்போது அது கரைந்து பழைய நிலை திரும்புகிறது. செலவான நிலையிலேயே நெடுநாள் விட்டுவிட்டாலோ, சல்பேட்டு இறுகிக் கெட்டியாகிவிடும். பிறகு எளிதில் மீட்க முடியாது.

நிற்கும் வண்டிக்கும் பசியுண்டு என்பதைப் பலர் அறியார். கடிகாரம், திருட்டு எச்சரிக்கைக் கருவி முதலியவை உறங்குவதில்லை. அவை 50 மில்லி ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி ஆகிறது. 35 ஆம்பியர்-மணி பாட்டரி ஒரு மாதத்திற்குள் வற்றிவிடும்! 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கில், நின்ற இடத்திலேயே பல வண்டிகள் உயிரிழந்தது இதனால்தான். ஊருக்குப் போகிறவர்கள் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டுப் போவது நலம்.

மாமாவின் வண்டியோ நாள்தோறும் ஓடுவது. ஆகவே ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்கி அளந்தேன். இரவெல்லாம் ஓய்ந்திருந்த பாட்டரி 12.4 வோல்ட்டுக் காட்டியது. நிறைவு 12.6, ஏறக்குறைய வெறுமை 12. எனவே முக்கால் பங்கு உயிர் இருந்தது. அப்படியானால் வண்டி ஏன் கிளம்பவில்லை?

இங்கேதான் ஓம் விதி கைகொடுத்தது. எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் ஏறத்தாழ 150 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஓர் இணைப்பில் வெறும் 0.02 ஓம் தடையிருந்தாலும், 150ஐ 0.02ஆல் பெருக்க 3 வோல்ட்டு அங்கேயே விழுந்துவிடும். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சின் உலோகத்திலும் வைத்து, மாமாவைச் சாவி திருகச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்கவேண்டிய முள், மூன்றுக்கு மேல் ஏறியது. எர்த் கம்பியின் அடியில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. கடற்காற்றும் மழைநீரும் செய்த வேலை! எஞ்சின் ஓடும்போது பாட்டரிக்குத் திரும்பவேண்டிய மின்சாரமும் அதே இணைப்பில் தடைப்பட்டதால், புதிய பாட்டரியும் அரைப் பட்டினி கிடந்தது.

மருந்து எளியது. முதலில் எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும், பிறகே நேர்முனை. மாட்டும்போது நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். இம்முறை தவறினால், ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டதும் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்து உப்பைக் கழுவினோம். உப்புத்தாள் கொண்டு தேய்த்தோம். இறுக முடுக்கி, வாசலைன் தடவினோம். வண்டி முதல் திருகிலேயே கிளம்பியது. ஓடும்போது பாட்டரி முனையில் 14.1 வோல்ட்டு. பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4 வரை இருப்பது முறை.

இன்னும் சில எச்சரிக்கைகள். மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். அருகில் பீடி வேண்டாம். மூடி திறக்கும் வகையானால், காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக, குழாய்நீர் ஆகாது. ஃப்யூஸ் எரிந்தால் அதே அளவுள்ள ஃப்யூஸ்தான் போடவேண்டும். கம்பித் துண்டைச் சுற்றுவது வண்டிக்குத் தீ மூட்டுவதாகும்.

ரிமோட் சாவி வேலை செய்யாவிட்டால், பதறி இழுவை வண்டியை அழைக்க வேண்டாம். செம்பூர் நண்பர் ஒருவர் அவ்வாறு பணம் இழந்தார். சாவியால் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுப் பாருங்கள். நன்றாக எரிந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது சாவிக்குள் இருக்கும் 3 வோல்ட்டுப் பொத்தான் செல்லையே. பல சாவிகளில் அது 2032 எண்ணுள்ளது, நாமே மாற்றலாம். ஆனால் கழற்றிய செல்லைக் குழந்தை கையில் எட்டவிடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பழைய பாட்டரியையும் சந்தில் வைத்து உடைக்கக் கூடாது. ஈயம் நஞ்சு, குழந்தைகளின் மூளையைத் தாக்குவது. உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் கூறுகின்றன. விற்ற கடையில் கொடுத்தால் விலையும் கிடைக்கும்.

மாமாவின் முதல் பாட்டரி நல்ல பாட்டரியாகவே இருந்திருக்கலாம். அது பழைய விலைக்குப் போய்விட்டது. கடன் மட்டும் இன்னும் நிற்கிறது. நான் ஒரு மாதம் முன்னரே முன்மூடியைத் திறந்திருந்தால், அக்கடன் நேர்ந்திராது. நண்பர்களே, நம்மைப் படிக்க வைக்கும் கைகளில் கரியும் எண்ணெயும் படிந்திருக்கின்றன. நாம் கற்றது அக்கைகளுக்கு ஒரு நாளேனும் உதவட்டும். பாட்டரியை மாற்றுமுன் ஒருமுறை அளந்து பாருங்கள்!