கடலுக்குள் கமெரா இறக்க முன்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் போட் வைத்திருக்கும் முதலாளிமார் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் ஒரு சாமானைப் பற்றி விசாரிக்கிறார்கள். போட்டிலிருந்து வயர் மூலம் ஓட்டும், ஆளில்லாத சின்ன நீர்மூழ்கி. அறுந்த நங்கூரத்தைத் தேடலாம், போட்டின் அடியைக் கமெராவில் பார்க்கலாம். பங்கு சேர்ந்து வாங்கலாமா என்கிறார்கள். வாங்கலாம். ஆனால், அது சொல்லுக் கேட்காத நாளில் என்ன செய்வது என்று தெரிந்துகொண்டு சல்லியைக் கொடுங்கள்.

ரேடியோ அலை கடல்நீரில் தூரம் போகாது. அதனால்தான் வயர். பல கோளாறுகள் பிறக்கும் இடமும் அதுதான். மேலே 12 வோல்ட் கொடுத்தாலும், நீண்ட மெல்லிய வயரைக் கடந்து கீழே சேருவது குறைவு. ஒரு மோட்டார் சுற்றும்போது இது தெரியாது. நான்கும் ஒன்றாகச் சுற்றினால் வோல்ட் விழுந்து, உள்ளேயிருக்கும் கம்பியூட்டர் அணைந்து திரும்ப எழும்பும். நம்மாள் ரிமோட் பழுதென்று புது ரிமோட் வாங்கி வருவார்! மீற்றரை வயரின் கீழ்முனையில், எல்லா மோட்டாரும் ஓடும்போது வைத்துப் பார்க்க வேண்டும். மீற்றர் இல்லையா? கட்டையான வயரை மாட்டிப் பாருங்கள். கோளாறு போனால் குற்றவாளி நீண்ட வயர்தான்.

தடித்த வயர் போட்டால் பாரமும் நீரோட்டத்தின் இழுவையும் கூடும். ஆகவே பெரிய வாகனங்களுக்கு உயர்ந்த வோல்ட்டில் அனுப்பிக் கீழே குறைத்துக்கொள்கிறார்கள், நமது ஊருக்குக் கரண்ட் வருவது போல. சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ரோசப் 6000 அந்த வகை. 2010இல் 5289 மீற்றர் வரை இறங்கியது.

முன்னே போகச் சொன்னால் வட்டமடிக்கிறதா? முதலில் ப்ரொப்பெலரில் தங்கூசி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு மோட்டாரின் வயர் மாறிக் கொழுவப்பட்டிருக்கலாம். திசை காட்டும் இலக்கம் மோட்டார் ஓடும்போது மட்டும் துள்ளினால், திசைகாட்டி மோட்டார் வயருக்குக் கிட்ட இருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் புகுந்தால் கதை முடிந்தது. றப்பர் வளையத்தில் ஒரு மணல் போதும். கடற்கரையில் வைத்து மூடியைத் திறக்காதீர்கள்.

பெரியவர்களுக்கும் நட்டம் வந்ததுண்டு. 1995இல் 10,911 மீற்றர் ஆழத்தைத் தொட்ட ஜப்பானின் கைக்கோ, 2003 மே மாதம் ஷிகோகு கடலில் வயர் அறுந்து போனது. கிடைக்கவேயில்லை.

மிச்சக் காசைக் கொடுக்க முன், முழு வயரையும் விரித்து, தொட்டித் தண்ணீரில் அரை மணித்தியாலம் எல்லா மோட்டாரையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உதிரி வயர், றப்பர் வளையம் என்ன விலை, எங்கே கிடைக்கும் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடை மேசையில் வெறுமனே சுற்றிக் காட்டினால் மறித்துவிடுங்கள். இந்த ரக மோட்டார்கள் பலவற்றுக்குத் தண்ணீர்தான் எண்ணெய்.