பக்கத்து நாட்டு ஜனாதிபதி

புசா ரோட்டில் மெட்ரோ தூண்களின் ஓரமாகக் காலை நடை போகும் நாங்கள் நான்கைந்து பேர். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். ஆகவே நாட்டு நடப்பில் எங்களுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது! சென்ற மாதம் ஒரு நாள், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் நடையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், ராஷ்டிரபதி பவனில் இருப்பவரும் ஜனாதிபதி, கொழும்பில் இருப்பவரும் ஜனாதிபதி. இங்கே மந்திரிசபை காட்டிய இடத்தில் கையெழுத்து. அங்கே மந்திரிசபையையே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இது எப்படி?"

நான் சட்டம் படித்தவன் அல்ல. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலம் கழித்தவன். ஆனால் இந்தக் கேள்வியில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு உண்டு. அவசர நிலையின்போது நான் பாலிடெக்னிக் மாணவன். ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன என்று பெரியவர்கள் மெச்சிப் பேசியது மனத்தில் பதிந்துவிட்டது. 1980களில் காங்கிரஸ் தலைவர் வசந்த் சாத்தே, இந்தியாவுக்கு ஜனாதிபதி முறையே ஏற்றது என்று வாதாடியபோது நானும் அந்தக் கட்சி. ஒருவர் கையில் பொறுப்பைக் கொடுத்தால் வேலை நடக்கும் என்று நண்பர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். என் எண்ணத்தை மாற்றியது புத்தகம் அல்ல, இலங்கை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். நம் ஊரில் 'ஜனாதிபதி ஆட்சி' என்றால் மாநில அரசை நீக்கிவிட்டு ஆளுநர் மூலம் மத்திய அரசு ஆள்வது. நான் சொல்வது அதுவன்று. மக்கள் நேராகத் தேர்ந்தெடுத்த ஒருவர், நாடாளுமன்றத்தின் தயவில் இல்லாமல், குறிப்பிட்ட காலம் நாட்டை நடத்துவதுதான் ஜனாதிபதி முறை. நம் அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4ஆம் தேதி அம்பேத்கர் இதைப் பற்றிப் பேசினார். நிலைத்தன்மை, பொறுப்பு இரண்டையும் ஒரே அளவில் தரும் முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அமெரிக்க முறையில் முதலாவது அதிகம், நாடாளுமன்ற முறையில் இரண்டாவது அதிகம். நாம் பொறுப்பைத் தேர்ந்துகொள்கிறோம் என்பது அவர் பேச்சின் சாரம். அதனால்தான் நம் குடியரசுத் தலைவர் மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். ஒரு முறை திருப்பி அனுப்பலாம்; மறுபடி வந்தால் ஏற்க வேண்டும். நம் தஞ்சாவூர்க்காரர் ஆர். வெங்கட்ராமன் அந்தப் பதவியை மின்சாரம் போனால் மட்டும் எரியும் அவசர விளக்குக்கு ஒப்பிட்டார்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரண்டு ரயில்கள் மோதாமல் இருக்க டோக்கன் கருவி என்று ஒன்று உண்டு. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி. இரண்டுக்கும் கம்பித் தொடர்பு. எதிர் நிலைய மாஸ்டர் அங்கிருந்து சம்மதம் கொடுத்தால்தான் இங்கே உள்ள கருவி இரும்பு உருண்டையை வெளியே விடும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது மறுபடி உள்ளே போகும்வரை எந்தக் கருவியும் இன்னொன்றைத் தராது. வளையத்தில் தொங்கும் தோல் பையில் அந்த உருண்டை கைக்கு வராமல் டிரைவர் வண்டியை நகர்த்த மாட்டார்.

அமெரிக்க முறை ஏறக்குறைய இதுதான். சட்டமும் பணமும் காங்கிரஸ் கையில். நிர்வாகமும் படையும் ஜனாதிபதி கையில். அவர் மசோதாவை மறுக்கலாம். இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் அந்த மறுப்பு செல்லாது. மந்திரிகளையும் நீதிபதிகளையும் அவர் நியமிப்பதற்கு செனட் சம்மதிக்க வேண்டும். முக்கியமானது, அவர் காங்கிரஸைக் கலைக்க முடியாது. பிடிக்கவில்லை என்பதற்காகக் காங்கிரஸும் அவரை நீக்க முடியாது. இருவரும் பிடிவாதம் பிடித்தால் வண்டி நிற்கும். 2018 டிசம்பரிலிருந்து 35 நாள் அரசு அலுவலகங்கள் பல சம்பளம் கொடுக்க வழியின்றி மூடிக் கிடந்தனவே, அது இப்படி நின்ற வண்டிதான். நின்றது, மோதவில்லை.

இலங்கைக்கு வருவோம். 1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐப் பிடித்தது. எதிர்க்கட்சித் தலைவராக வந்தவர் 18 இடங்கள் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம். பிரதமரான ஜே.ஆர். அரசியல் சட்டத்தைத் திருத்தி, 1978 பிப்ரவரி 4ஆம் தேதி தாமே நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியானார். செப்டம்பரில் புதிய அரசியல் சட்டமும் வந்தது. அதில் பிரான்சின் சாயல் உண்டு: மக்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி ஒருபுறம், நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் பிரதமரும் மந்திரிசபையும் இன்னொருபுறம். ஆனால் மந்திரிசபைக்கும் ஜனாதிபதியே தலைவர். பிரதமரை ஒரு கடிதத்தில் நீக்கலாம். பொதுத் தேர்தல் முடிந்து ஓராண்டு போனால், நாடாளுமன்றத்தைத் தாம் விரும்பிய நாளில் கலைக்கலாம்.

அதாவது, எதிர் நிலையத்துக் கருவியின் சாவியும் இந்த நிலைய மாஸ்டர் பையில்! எந்த சிக்னல் இன்ஸ்பெக்டரும் இந்த ஏற்பாட்டுக்குச் சான்றிதழ் கொடுக்க மாட்டார்.

விளைவு நான்கே ஆண்டில் தெரிந்தது. 1982இல் ஜே.ஆர். தம் கட்சி எம்.பி.க்களிடம் தேதி போடாத ராஜிநாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் தேதி, பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, அதே நாடாளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறாண்டு நீட்டினார். யாழ்ப்பாணம் பெருவாரியாக வேண்டாம் என்றது. நாடு முழுவதும் எண்ணியபோது ஆம் என்பது வென்றது. அடுத்த ஆண்டு ஜூலையில் என்ன நடந்தது என்பதை நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தத்தின்படி பிரிவினைக்கு எதிராக உறுதிமொழி எடுக்க மறுத்துக் கூட்டணியினர் இடங்களை இழந்தார்கள். நீட்டிக்கப்பட்ட அந்தச் சபையில், மிக மோசமான ஆண்டுகளில், வடக்கின் குரலாகப் பேச அவர்கள் இல்லை.

1991இல் நாடாளுமன்றம் திருப்பி அடிக்கப் பார்த்தது. பிரேமதாசா மீது அவர் கட்சிக்காரர்களான லலித் அத்துலத்முதலி, காமினி திசநாயக்கா முதலியோர் குற்றச்சாட்டுத் தீர்மானம் கொண்டுவந்தனர். அத்தகைய தீர்மானத்தைச் சபாநாயகர் ஏற்றுக்கொண்ட பிறகு ஜனாதிபதி சபையைக் கலைக்க முடியாது என்று சட்டம் தடுத்திருந்தது. கூட்டத்தொடரை முடித்து வைப்பதை அது தடுக்கவில்லை. பிரேமதாசா அதைச் செய்தார். இடைவேளையில் மனங்கள் மாறின. போதிய செல்லத்தக்க கையெழுத்துகள் இல்லை என்று அக்டோபரில் சபாநாயகர் தீர்மானத்தைத் தள்ளிவிட்டார். சட்டத்தில் ஒரு சொல் விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜனாதிபதி ஒரு கட்சி, நாடாளுமன்றப் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றால்? பிரான்சில் 1986இல் மித்தரானும் சிராக்கும் அப்படி இருந்து காட்டினார்கள். வெளிநாட்டு விவகாரத்தில் ஜனாதிபதி கை ஓங்கியது, உள்நாட்டில் பிரதமர் கை. இலங்கையில் 2001 டிசம்பரில் அந்த நிலை வந்தது. ஜனாதிபதி சந்திரிகா, பிரதமர் ரணில். 2002 பிப்ரவரியில் நார்வேயின் முயற்சியால் ரணில் புலிகளுடன் போர் நிறுத்தம் செய்துகொண்டார். படைகளின் தலைமைத் தளபதி சட்டப்படி ஜனாதிபதி. முன்கூட்டித் தம்மைக் கலக்கவில்லை என்பது அவர் புகார். ஒரே பாதையில் இரண்டு டோக்கன் வெளியே வந்துவிட்டது. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். அக்டோபர் கடைசியில் இடைக்கால நிர்வாகத்துக்கான யோசனையை முன்வைத்தார்கள். நவம்பர் 4ஆம் தேதி, ரணில் வாஷிங்டனில் இருந்தபோது, பாதுகாப்பு, உள்துறை, செய்தித் துறை மூன்றையும் சந்திரிகா தம் கையில் எடுத்துக்கொண்டார். யாருடன் பேசுவது என்று தெரியாமல் நார்வே ஒதுங்கி நின்றது. அடுத்த பிப்ரவரியில் சபையும் கலைக்கப்பட்டது. சமாதானம் முறிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. புலிகள் பக்கமும் உண்டு. ஆனால் கொழும்பில் இரண்டு அரசுகள் இருந்தன என்பதை மறுக்க முடியாது.

2015இல் வந்த பத்தொன்பதாவது திருத்தம்தான் முதன்முறையாக எதிர் நிலையத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்தது. புதிய நாடாளுமன்றம் கூடி நாலரை ஆண்டு ஆகும்வரை கலைக்கக் கூடாது. முன்பே கலைக்க வேண்டுமானால் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தாங்களே கேட்க வேண்டும். இந்தப் பூட்டைச் சோதித்தவர், அதைக் கொண்டுவந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனாவேதான். 2018 அக்டோபர் 26ஆம் தேதி ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை சேராததால் நவம்பர் 9ஆம் தேதி சபையைக் கலைத்தார். அப்போது அதற்கு வயது மூன்றேகால் ஆண்டுகூட ஆகவில்லை.

வழக்குத் தொடுத்தவர்களில் முதல் பெயர், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த திருகோணமலை இரா. சம்பந்தன். அரசு தரப்பு வாதம் சுவையானது. நாலரை ஆண்டு நிபந்தனை ஒரு பிரிவில் இருக்கலாம். ஜனாதிபதிக்குக் கலைக்கும் அதிகாரம் உண்டு என்று 33ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறதே என்றார்கள். 'அதிகாரம் உண்டு' என்பதை 'எப்படி' என்று சொல்லும் 70ஆம் பிரிவோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று ஏழு நீதிபதிகளும் ஒருமித்து டிசம்பர் 13ஆம் தேதி தீர்ப்பளித்தனர். கலைப்பு செல்லாது. இதற்கிடையில் சபைக்குள் மிளகாய்ப் பொடி பறந்ததும் நாற்காலிகள் பறந்ததும் தனிக் கதை. மூன்றாம் நாள் ரணில் மீண்டும் பிரதமர். தமிழர்களுக்கு அதிகம் கொடுத்துவிடாத ஒரு நாடாளுமன்றத்தைக் காப்பாற்ற ஒரு தமிழர் பெயரில் வழக்கு நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். 2024 ஜூன் 30ஆம் தேதி அவர் காலமானார்.

2020இல் இருபதாவது திருத்தம் நாலரையை இரண்டரை ஆண்டாகக் குறைத்தது. 2022இல் வந்த இருபத்தொன்றாவது அதை அப்படியே விட்டுவிட்டது. இடையில் அந்த ஜூலையில் கோத்தபய நாட்டை விட்டு வெளியேறி ராஜிநாமா செய்தார். மீதிக் காலத்துக்கு ஜனாதிபதியை நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தது: ரணிலுக்கு 134 வாக்கு, அநுர குமார திசாநாயக்காவுக்கு வெறும் 3. அதே அநுர 2024 செப்டம்பரில் மக்கள் வாக்கில் வென்றார். உடனே சபையைக் கலைத்தார். இரண்டரை ஆண்டு தாண்டியிருந்ததால் பூட்டு குறுக்கே நிற்கவில்லை. நவம்பரில் 225இல் 159 இடம் அவர் அணிக்கு.

நடையில் இந்த இடத்தில் நண்பர் குறுக்கிட்டார். "அப்படியானால் ஜனாதிபதி பலசாலியா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

ஒரே வார்த்தையில் முடியாது. சட்டத்தின் எழுத்தைவிட, சபையில் அவருக்கு எத்தனை தலை என்பதுதான் கணக்கு. 1982இல் அவர் அரசர். 2002இல் பாதி அரசர். 2018இல் கோர்ட்டில் நின்றவர். சந்திரிகா 1994இலும், அவருக்குப் பின் வந்தவர்களில் சிலரும் இந்தப் பதவியை ஒழிப்பதாக வாக்குக் கொடுத்துத்தான் வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அது அவ்வளவு மோசமாக அவர்களுக்குத் தெரியவில்லை போலும்! யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கோ இன்னொரு படி உண்டு. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தந்த மாகாண சபைக்கு ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. ஆளுநரே சபை, ஆளுநரே மந்திரி.

நண்பர் சற்று நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "சரி சார், பாகிஸ்தானில் எப்படி?" என்றார். வெயில் ஏறிவிட்டது. அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டோம்.