டியூப்பா, டியூப்லெஸ்ஸா? முதலில் ரிம்மைப் பாருங்கள்

உங்கள் மோட்டார்சைக்கிள் சக்கரத்தில் ஸ்போக் கம்பிகள் இருக்கின்றனவா? அப்படியென்றால், “இன்னும் டியூப்பா ஓட்டுற? டியூப்லெஸ்ஸுக்கு மாத்திடு” என்ற ஆலோசனை உங்களுக்கும் கிடைத்திருக்கும்.

எனக்கு அது வாரம் ஒருமுறை கிடைக்கிறது. அப்பா பல ஆண்டுகள் வேலைக்கு ஓட்டிச் சென்ற ஹோண்டா இஎக்ஸ்5 இப்போது என்னிடம் இருக்கிறது. அதில்தான் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார்சைக்கிள் தடத்தில் வகுப்புக்குப் போய் வருகிறேன். ஐந்தாம் படிவத்தில் படிக்கும் தம்பி பி2 உரிமம் எடுத்ததும் வண்டி அவன் கைக்குப் போகும். அவனுக்கு டியூப்லெஸ்தான் வேண்டும். அப்பாவோ, “டியூப்பே போதும்மா” என்கிறார். இயந்திரப் பொறியியல் படிப்பவள் என்பதால் தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். அதற்கெல்லாம் டயர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டே சக்கரங்களில் போகும்போது, ஒன்றில் திடீரென்று காற்று இறங்கினால் சமாளிக்க அதிக நேரம் கிடைக்காது. அதனால் இதை அழகு பார்த்து முடிவு செய்ய முடியாது.

காற்று எங்கே இருக்கிறது?

காற்றடைத்த டயரை ஜான் பாய்ட் டன்லப் 1888இல் பெல்ஃபாஸ்டில் உருவாக்கினார். வெகு காலம் வரை காற்றைத் தாங்கியது உள்ளே இருந்த டியூப்தான். டயர் அதற்கு ஒரு கவசம். 1947இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் டியூப் இல்லாத டயரை அறிவித்தது. இதில் டயரும் ரிம்மும் சேர்ந்தே காற்றை அடைத்து வைக்கின்றன.

இதில் நம் கதையும் கொஞ்சம் இருக்கிறது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்கள். அந்த இயற்கை ரப்பர் உறுதியானது, எளிதில் கிழியாது. ஆனால் காற்றை மெல்லக் கசிய விடும். 1937இல் உருவாக்கப்பட்ட பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர் காற்றைப் பல மடங்கு நன்றாகப் பிடித்து வைக்கும். இன்றைய டியூப்கள் பெரும்பாலும் அந்த ரப்பரில்தான் செய்யப்படுகின்றன. டியூப்லெஸ் டயரின் உட்புறத்திலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த ரப்பர் படலம் ஒட்டியிருக்கிறது.

ஆணி குத்தினால் என்ன ஆகும்?

டியூப்லெஸ்ஸின் பெரிய நன்மை இங்கேதான் தெரியும். ஆணி குத்தினாலும் டயரின் ரப்பர் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காற்று பெரும்பாலும் மெதுவாகவே இறங்கும். சக்கரத்தைக் கழற்றாமலேயே ஓட்டையை அடைக்கலாம். கடைகளில் ‘சாச்சிங்’ என்று சொல்வார்களே, புழுப் போன்ற அந்த ரப்பர் திரியைச் செருகினால் சில நிமிடங்களில் கிளம்பிவிடலாம்.

டியூப் அப்படியல்ல. ஓட்டை விழுந்த இடத்தில் அது கிழியக்கூடும். வெளியேறும் காற்றை டயரும் தடுக்காது. ஸ்போக் துளைகள், வால்வு துளை என்று அதற்குப் பல வழிகள் உண்டு. சில நொடிகளில் சக்கரம் தட்டையாகிவிடலாம். இந்த விஷயத்தில் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

பிறகு ஏன் மாற்றவில்லை?

ஏனென்றால், இதை முடிவு செய்வது ரிம்தான். ஸ்போக் ரிம்மில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு துளை இருக்கிறது. அத்தனையையும் டேப்பாலோ சிலிக்கோன் பசையாலோ அடைத்துவிடலாம் என்பார்கள். அப்படிச் செய்து ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மூன்று சிக்கல்களை யோசியுங்கள்.

முதலாவது, டியூப்லெஸ்ஸுக்கான ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு சிறு மேடு இருக்கும். காற்று குறைந்தாலும் டயர் உள்ளே நழுவாமல் தடுப்பது அதுதான். பழைய டியூப் ரிம்களில் பொதுவாக அந்த மேடு இல்லை. துளையை டேப் அடைக்கும், மேட்டை உருவாக்காது. காற்று குறைந்த நிலையில் வளைவில் திரும்பும்போது டயர் விளிம்பு நழுவினால், மிச்சமிருக்கும் காற்றும் ஒரே நொடியில் போய்விடும்.

இரண்டாவது, ஸ்போக் கம்பிகள் அசையக்கூடியவை. நம் சாலைக் குழிகளில் விழுந்து எழுந்தால் தளரும். அவற்றை இறுக்கும்போது அடைப்பு விட்டுப்போகலாம். மூன்றாவது, அந்தக் கசிவு வெளியே தெரியாது.

ஸ்போக் சக்கரத்தில் டியூப்லெஸ் முடியவே முடியாது என்பதல்ல. பிஎம்டபிள்யூ 1987இல் தன் ஆர்100ஜிஎஸ் வண்டியில் ஸ்போக் கம்பிகளை ரிம்மின் ஓரத்துக்கு நகர்த்தி, காற்று அடைபடும் பகுதியில் துளையே இல்லாமல் செய்தது. டியூப்லெஸ் வேண்டும் என்பதற்காகச் சக்கரத்தையே வேறு விதமாக வடிவமைத்தார்கள். டேப் ஒட்டுவது அதற்கு ஈடாகாது.

ஸ்போக் இல்லாத வார்ப்பு ரிம் என்றாலும் உடனே நம்பிவிடாதீர்கள். பழைய வார்ப்பு ரிம்களில் டியூப்புக்கு மட்டும் ஏற்றவையும் உண்டு. ரிம்மில் ‘டியூப்லெஸ் டயர் அப்ளிகபிள்’ என்றோ, அளவோடு ‘எம்டி’ என்ற எழுத்துகளோ பொறித்திருக்கின்றனவா என்று பாருங்கள். டயர் பக்கவாட்டில் ‘டியூப்லெஸ்’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது.

டியூப்பை மதியுங்கள்

என் தீர்ப்பு இதுதான்: எங்கள் ரிம்மில் டியூப்தான். டியூப்லெஸ் வேண்டுமென்றால் காசு சேர்த்து, அதற்கென்றே செய்யப்பட்ட, வண்டிக்குப் பொருந்தும் ரிம்மை வாங்க வேண்டும். பிடிபிடிஎன் கடனில் படிக்கும் எனக்கு அது இப்போதைக்கு ஆகாது. அதனால் இருப்பதை ஒழுங்காகப் பராமரிக்கிறோம்.

டயர் மாற்றும்போது டியூப்பையும் புதிதாகப் போடுங்கள். அளவு பொருந்த வேண்டும். ஸ்போக் முனைகளை மூடும் ரப்பர் பட்டை நைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். டியூப்பை முதலில் குத்துவது சில சமயம் அந்தக் கம்பி முனையே. வாரம் ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன் காற்றைச் சரிபாருங்கள். வால்வு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் டயர் ரிம்மில் நகர்ந்திருக்கிறது, டியூப்பை இழுக்கிறது என்று பொருள். காற்று குறைவாக ஓட்டியதே பெரும்பாலும் அதற்குக் காரணம். டயரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடலாமா? டயர் தயாரிப்பாளர் அனுமதித்தால் போடலாம். ஆனால் டியூப் வகை டயரை டியூப் இல்லாமல் ஒருபோதும் ஓட்டக்கூடாது.

ஓடும்போதே காற்று இறங்கினால் பதறி பிரேக்கை அழுத்தாதீர்கள். ஹேண்டிலை நேராகப் பிடித்து, எண்ணெய் முறுக்கை மெல்ல விடுங்கள். பிரேக் தேவைப்பட்டால் காற்றுள்ள சக்கரத்தின் பிரேக்கை மென்மையாகப் பயன்படுத்தி ஓரம் கட்டுங்கள்.

தம்பிக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. “காசு சேர்த்தா மாத்தலாம்தானே, அக்கா?” என்று கேட்கிறான். தாராளமாக மாற்றலாம். அதுவரை ஞாயிற்றுக்கிழமை தோறும் காற்று பார்க்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்திருக்கிறேன்.