பல்லாவரத்துக் கணக்கும் ஐரோப்பியப் பயணமும்

காலை எட்டு மணியளவில் பல்லாவரம் இரயில் நிலைய நடைமேடையில் நின்றிருப்பவர்களுக்கு ஒரு காட்சி மிகவும் பழக்கமானது. கீழே, கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி வந்து நிற்கும். மேலே, மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானமொன்று தாழ்ந்து பறந்து செல்லும். முன்னொரு காலத்தில் அந்த வண்டி நமக்கு உரியதென்றும், அந்த விமானம் யாரோ பெரிய மனிதர்களுக்கு உரியதென்றும் நாம் எண்ணியிருந்தோம். இன்று நிலைமை அவ்வாறில்லை. நம் தெருவிலேயே இரண்டு மூன்று வீடுகளின் பிள்ளைகள் ஜெர்மனியிலோ பிரான்சிலோ பணியாற்றுகிறார்கள். "அப்பா, அம்மா, ஒருமுறை வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்ற அழைப்பு வருகிறது. பணி ஓய்வின்போது கிடைத்த தொகையில் ஒரு பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு பெற்றோரும் புறப்பட ஆயத்தமாகிறார்கள்.

"அவ்வளவு தூரம் போகிறோம்; உரோமையையும் பாரிசையும் பார்க்காமல் வருவதா?" என்ற ஆசை அடுத்துப் பிறக்கிறது. அது நியாயமான ஆசையே. அங்கேதான் கேள்வியும் எழுகிறது. பல நாடுகளுக்கும் செல்லுபடியாகும் ஒரே பாஸை வாங்குவதா? ஊருக்கு ஊர் தனித்தனிச் சீட்டு வாங்குவதா? தவறாகத் தெரிந்தெடுத்தால், பல மாதச் சேமிப்பு பயன்படுத்தாத ஒரு சீட்டிலேயே கரைந்துவிடக்கூடும். இக்கேள்விக்கு விடைகாணும் வழியை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. நம் ஊர் இரயில் நிலையம் அதை நமக்கு என்றோ கற்றுத் தந்துவிட்டது.

சீசன் சீட்டு தரும் பாடம்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டு மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. அன்றுமுதல் இந்தப் பாதையோரத்துக் குடும்பங்களின் வாழ்க்கை இவ்வண்டிகளோடு பின்னிப் பிணைந்திருக்கிறது. குறுகிய பாதை 2004இல் மறைந்து அகலப் பாதை வந்தது. ஆனால் சட்டைப்பையிலிருந்த சீசன் சீட்டு மறையவில்லை.

அதன் கணக்கைச் சற்று நினைத்துப் பார்ப்போம். மூன்று மாதச் சீசன் சீட்டின் விலை, ஒரு மாதச் சீட்டின் விலையைப்போல் 2.7 மடங்கு. மாதச் சீட்டு 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மூன்று தனித்தனி மாதச் சீட்டுகளுக்கு 300 ரூபாய் ஆகும். மூன்று மாதச் சீட்டோ 270 ரூபாய்தான். எனவே 30 ரூபாய் மிச்சம் என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் அந்த மூன்று மாதங்களில் ஒன்று மே மாதமாக இருந்து, பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு சொந்த ஊர் சென்று மாதம் முழுவதும் தங்கிவிட்டால் என்னாகும்? இரண்டு மாதச் சீட்டுகளுக்கு 200 ரூபாய் போதுமாயிருந்திருக்கும். 270 ரூபாய் கொடுத்தவருக்கு 70 ரூபாய் நட்டம். சீட்டின் விலை மாறவில்லை. அதைப் பயன்படுத்திய நாட்கள்தாம் மாறின.

இன்னொரு பாடமும் உண்டு. சீசன் சீட்டு வண்டியில் ஏறும் உரிமையைத் தரும். உட்கார இடம் தராது. பல்லாவரத்திலிருந்து கடற்கரைவரை நின்றுகொண்டே சென்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஐரோப்பாவின் விலையுயர்ந்த பாஸ்களிலும் இவ்விரு பாடங்களும் அப்படியே அடங்கியிருக்கின்றன.

நம் நாட்டின் சுற்றுப் பயணச் சீட்டு

குடும்பத்தோடு பல ஊர்களைச் சுற்றிப் பார்க்க நம் இரயில்வேயிலும் ஒரு வசதி இருக்கிறது. நம்மில் பலர் அதை அறியார். அதுவே சுற்றுப் பயணச் சீட்டு. புறப்பட்ட நிலையத்திற்கே திரும்பி வரும்படி பயணம் வட்டமாக அமைய வேண்டும். வழியில் எட்டு இடங்கள்வரை இறங்கித் தங்கலாம். சென்னையிலிருந்து திருச்சி, மதுரை, கன்னியாகுமரி, திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோயம்புத்தூர் என்று சுற்றி மீண்டும் சென்னைக்கு வருவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

இதில் மிச்சம் எப்படி வருகிறது? நம் இரயில் கட்டணம் தூரம் கூடக்கூட ஒரு கிலோமீட்டருக்கான விகிதம் குறையும்படி அமைந்தது. ஏழு துண்டுகளாகச் சீட்டு வாங்கினால், ஒவ்வொரு துண்டும் குறைந்த தூரத்திற்குரிய உயர்ந்த விகிதத்தில் விழும். சுற்றுப் பயணச் சீட்டிலோ மொத்தத் தூரத்தை இரண்டாகப் பகுத்து, இரண்டே நெடும்பயணங்களாகக் கட்டணம் கணக்கிடப்படும். ஆனால் ஒவ்வொரு வண்டியிலும் படுக்கை வேண்டுமாயின் அதற்குத் தனியே முன்பதிவு செய்தாக வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே திறக்கப்படுகிறது. அதற்கு முன் இது 120 நாட்களாக இருந்தது. மூத்த குடிமக்களுக்கு அளிக்கப்பட்டிருந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய நினைவில் கணக்குப் போடுவோர் இவற்றைக் கருத்திற்கொள்வது நலம்.

ஐரோப்பாவின் பாஸ்

இனிக் கடல் கடப்போம். யூரெயில் பாஸ் 1959இல் தொடங்கியது. அப்போது 13 நாடுகள் அதில் சேர்ந்திருந்தன. இன்று 33 நாடுகளின் வண்டிகளில் அது செல்லுபடியாகிறது. இது ஐரோப்பாவிற்கு வெளியே வாழ்வோருக்கு மட்டுமே உரியது. ஐரோப்பாவில் வாழ்வோருக்கு 1972 முதல் இன்டர்ரெயில் என்ற வேறொரு பாஸ் உண்டு.

இந்த வேறுபாட்டை நம் குடும்பங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பல்லாவரத்திலிருந்து ஒரு தாத்தாவும் பாட்டியும் செல்கிறார்கள் என்று கொள்வோம். ஜெர்மனியில் அவர்களுடைய மகன், மருமகள், 13 வயதுப் பேத்தி, 9 வயதுப் பேரன் ஆகியோர் வாழ்கின்றனர். ஆறு பேரும் ஒரே பெட்டியில் ஏறினாலும், தாத்தா பாட்டிக்கு யூரெயில், மற்ற நால்வருக்கும் இன்டர்ரெயில் என இருவகைப் பாஸ்கள் வேண்டும். மேலும், இன்டர்ரெயில் வைத்திருப்பவர் தாம் வாழும் நாட்டில் அதை விருப்பம்போல் பயன்படுத்த இயலாது. நாட்டைவிட்டு வெளியேற ஒருமுறை, திரும்பி வர ஒருமுறை என்ற அளவே அனுமதி. தாத்தா ஜெர்மனி முழுவதும் சுற்றலாம். மகன் சுற்ற முடியாது. இதை அறியாமல் ஆறு பாஸ்களையும் வாங்கியபின் வருந்திப் பயனில்லை.

பாஸிலும் இருவகை உண்டு. ஒன்று, தொடர்ச்சியான நாட்களுக்கு உரியது: 15 நாள், 22 நாள், ஒரு மாதம் என்பன போன்று. மற்றொன்று, ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ நாம் தெரிந்தெடுக்கும் 4, 5, 7, 10 அல்லது 15 பயண நாட்களுக்கு உரியது. ஓர் ஊரில் மூன்று நான்கு நாட்கள் தங்கி இளைப்பாறிச் செல்லும் குடும்பத்திற்கு இரண்டாவது வகையே பொருந்தும்.

இங்கும் இருக்கைக் கணக்கு தனிதான். பிரான்சின் அதிவேக வண்டிகள், இத்தாலியின் அதிவேக வண்டிகள், இலண்டன் செல்லும் யூரோஸ்டார் ஆகியவற்றில் பாஸ் வைத்திருந்தாலும் கட்டணம் செலுத்தி இருக்கை பதிவு செய்தாக வேண்டும். பாஸ்காரர்களுக்கென ஒதுக்கப்படும் இடங்கள் சில வண்டிகளில் அளவானவை. அவை விரைவில் தீர்ந்துவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் பெரும்பாலான பகல் வண்டிகளில் இக்கட்டாயம் இல்லை. ஆகவே எந்த நாட்டில் அதிகம் பயணம் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே பாஸின் உண்மையான விலை அமையும்.

ஒரே பிள்ளை, பல கட்டணம்

குடும்பமாகச் செல்வோர் முதலில் எழுதி வைக்க வேண்டியது ஊர்களின் பெயர்களை அன்று, பிள்ளைகளின் வயதை. நம் நாட்டில் 5 வயது முதல் 12 வயதிற்குட்பட்ட பிள்ளைக்கு, தனிப் படுக்கை கேட்காவிட்டால் அரைக்கட்டணம். தனிப் படுக்கை கேட்டால், 2016 ஏப்ரல் முதல் முழுக்கட்டணம். யூரெயில், இன்டர்ரெயில் ஆகிய இரண்டிலும் 4 முதல் 11 வயதுவரை உள்ள பிள்ளைகள், ஒரு பெரியவருக்கு இருவர் என்ற கணக்கில், இலவசமாகச் செல்லலாம். எனினும் அவர்களுக்கும் கட்டணமில்லாப் பாஸ் பெற்றிருக்க வேண்டும். 12 வயது நிறைந்துவிட்டால் இளைஞர் பாஸ். அதற்குக் காசு உண்டு. 60 வயதைக் கடந்தவர்களுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தைப் பாருங்கள். பேரனுக்குப் பாஸ் இலவசம், பேத்திக்கு இல்லை. ஆனால் ஜெர்மனியின் நெடுந்தூர வண்டிகளில் தனிச் சீட்டு எடுத்தால், 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் பெற்றோருடனோ தாத்தா பாட்டியுடனோ இலவசமாகச் செல்லலாம். சீட்டு வாங்கும்போதே அவர்களைச் சேர்த்துக் குறிப்பிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சுவிட்சர்லாந்தில் சுற்றுலாப் பாஸ் வாங்கும் பெற்றோரின் 16 வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசமாகவே கிடைக்கும். பாஸில் காசு கொடுக்க வேண்டிய அதே பேத்தி, இவ்விரு நாடுகளிலும் கட்டணமின்றிச் செல்கிறாள்! பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்கு "எல்லாம் அடங்கிய பாஸ்" எப்போதும் மலிவானதன்று என்பது இதனால் விளங்கும்.

ஒரே நாட்டில் தங்குவோர்க்கு

மகன் வீட்டிலேயே பல வாரங்கள் தங்கி, அருகிலுள்ள ஊர்களை மட்டும் காண விரும்புவோர்க்கு ஜெர்மனியில் எளிய வழியொன்று உண்டு. 2023 மே மாதம் அந்நாட்டில் ஒரு மாதச் சீட்டு அறிமுகமானது. தொடக்கத்தில் 49 யூரோ, 2025இல் 58, 2026 ஜனவரி முதல் 63. நாடு முழுவதும் வட்டார வண்டிகளிலும், நகரப் பேருந்து, டிராம், சுரங்க இரயில்களிலும் இது செல்லும். அதிவேக வண்டிகளில் செல்லாது. நம் சீசன் சீட்டின் ஐரோப்பிய உடன்பிறப்பு என்றே இதைக் கூறலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். இது சந்தா முறையில் விற்கப்படுவது. ஒரு மாத முடிவோடு நிறுத்த வேண்டுமாயின் அம்மாதம் பத்தாம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். மறந்தால், தாத்தா பல்லாவரம் திரும்பிய பின்னும் அவருடைய சீட்டுக்காக மகன் பணம் கட்டிக்கொண்டிருப்பான்.

விசாவிற்கு முன் வேகம் வேண்டா

ஐரோப்பாவின் அதிவேக வண்டிகளில் முந்தி வாங்குவோருக்கு விலை குறைவு. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். மலிவான சீட்டோ பெரும்பாலும் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே உரியது. பணம் திரும்பக் கிடைக்காது. விசா கிடைக்குமுன் இத்தகைய சீட்டுகளை வாங்கிக் குவிப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும். பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே விசாவிற்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே முதலில் விசா, பிறகு மலிவுச் சீட்டு என்ற வரிசையே குடும்பத்திற்குப் பாதுகாப்பு. இத்தாலியின் வட்டார வண்டிகளுக்குத் தாளில் அச்சிட்ட சீட்டு வாங்குவோர், ஏறுமுன் நிலையத்திலுள்ள பொறியில் அதைச் செருகி முத்திரை பெற வேண்டும், தவறினால் அபராதம்.

தாளும் பென்சிலும்

வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய நாற்காலி ஒன்றை வாங்குவதானாலும் நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரிக்கும் ஊர் நம் ஊர். இலட்சக்கணக்கில் செலவாகும் பயணத்திற்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிடலாகாதா? குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமருங்கள். ஒரு தாளில் முதலில் ஒவ்வொருவரின் வயதையும், வாழும் நாட்டையும் எழுதுங்கள். அடுத்து, எந்தெந்த நாளில் எவ்வூரிலிருந்து எவ்வூருக்கு என்று எழுதுங்கள். தங்கும் நாட்களைப் பயண நாட்களாக எண்ணாதீர்கள். மூன்றாவதாக, தனித்தனிச் சீட்டுகளின் மொத்த விலையைக் கூட்டுங்கள். இறுதியாக, பாஸின் விலையோடு இருக்கைக் கட்டணங்களையும் சேர்த்துக் கூட்டி, இரு தொகைகளையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், விருப்பமான நாளில் விருப்பமான வண்டியில் ஏறும் வசதிக்காகப் பாஸைத் தெரிந்தெடுக்கலாம். பாஸ் பெரிதும் மிஞ்சினால் விட்டுவிடுங்கள்.

எண்களில் அடங்காத ஒரு செலவும் உண்டு. பாஸை வாங்கிவிட்டால், "காசு கொடுத்தாயிற்றே, வீணாக்கலாமா?" என்ற எண்ணம் நம்மை விரட்டத் தொடங்கும். பாட்டியின் முழங்கால் வலிக்கும். இருந்தும் அடுத்த வண்டிக்கு ஓடுவோம். பேரன் தூங்கி விழுவான். அவனை எழுப்பி இன்னோர் ஊரைக் காட்டுவோம். பேரப்பிள்ளைகளோடு ஒருநாள் வீட்டில் அமர்ந்து கதை பேசச் சென்றவர்கள், சீட்டின் கட்டளைப்படி நடைமேடைகளில் நாட்களைக் கழித்துத் திரும்புவது பரிதாபமன்றோ!

நாம் நூறு ஊர்களைக் காணப் புறப்படவில்லை; நம் பிள்ளைகளைக் காணப் புறப்படுகிறோம். அந்தச் சந்திப்பிற்கு எந்தச் சீட்டு உதவுமோ அதுவே நல்ல சீட்டு. மற்றவை எவ்வளவு மலிவாயினும், அவற்றைச் சாளரத்திலேயே விட்டுவிட்டு வருவதுதான் குடும்பத்திற்கு இலாபம்.